மணி அடித்தும் கண் திறக்காத செல்லக்கனி

சூப்பர்வைசர் செல்லக்கனிக்கு வாய் பெரிசு என்று அந்த அச்சங்குளத்துப் பட்டாசு ஆபீசில் (தொழிற்சாலைக்கு அங்கே அதுதான் பெயர்) எல்லோருக்கும் தெரியும். "ஏ புள்ள, தண்ணி குடிச்சியா?" என்று அவள் அன்பாகக் கேட்டால்கூட கேட்டில் இருக்கும் வாட்ச்மேன் திடுக்கிட்டு எழுந்து நிற்பார். புஸ்வாணம் அடைக்கிற பூச்சட்டி ரூமில் அவள் ஒருத்தியின் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டதா என்று விசாரித்துக்கொண்டிருப்பாள். தள்ளியிருக்கும் சரம் பின்னுகிற ரூமில், "யாரோ மாட்டிக்கிட்டா இன்னைக்கு" என்று பேசிக்கொள்வார்கள்.

அவளுக்குக் காது கேட்காது. இதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். ஒளித்து வைத்திருந்து கடைசியில் எடுத்து நீட்டுகிற வேலையெல்லாம் எனக்குச் சரிப்படாது. தன் குரல் தன் காதுக்கே எட்டாததால்தான் அப்படிக் கத்தினாள், பாவம். அது தெரியாமல் ஊர் அவளை வாயாடி என்றது. அவளும், செவிடி என்பதற்கு வாயாடி எவ்வளவோ தேவலை என்று இருந்துவிட்டாள்.

சில வருஷங்களுக்கு முன்னால் பக்கத்து யூனிட்டில் கழிவு மருந்து வெடித்தபோது அவள் சுவர் ஓரமாக நின்றிருந்தாள். உடம்பில் ஒரு கீறல் கிடையாது. இடது காது அன்றைக்கே போயிற்று. வலது காது மட்டும், வாடகை பாக்கி வைத்த குடித்தனக்காரன் சாமான்களை ஒவ்வொன்றாகக் கடத்துகிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாகக் காலி செய்தது. முதலில் குருவிச் சத்தம் போனது. அப்புறம் சைக்கிள் மணி. கடைசியில், முகத்துக்கு நேரே நின்று உரக்கப் பேசினால் அரைகுறையாக எட்டும். மிச்சத்தை உதட்டைப் பார்த்துப் பிடித்துக்கொள்வாள். ஆபீஸ் போன் அடித்தால், "எனக்குப் போன்ல பேச வெக்கமா இருக்கு, நீங்களே பேசுங்க" என்று போர்மேன் ஒச்சப்பன் கையில் கொடுத்துவிடுவாள். கூட்டத்தில் எல்லோரும் தலையாட்டினால் தானும் ஆட்டுவாள். சிரித்தால் சிரிப்பாள். எம்புட்டுக் கெட்டிக்காரத்தனம் பாருங்கள்! ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாமல் சமாளித்துவிட்டோம் என்று அவளுக்குத் தன்மேல் ஒரு சின்னப் பெருமையும் இருந்தது.

ஏன் ஒளித்தாள் என்றால், அந்த ஆபீசில் அவளுக்கு முன்னால் சூப்பர்வைசராக இருந்தவர் காமராஜ் என்கிற நல்ல மனுஷர். அவருக்குக் கண் மங்கியது தெரிந்ததும் பெரிய முதலாளி தங்கச்சாமி அவரை மறுநாளே கேட்டுக்கு மாற்றிவிட்டார். முதலில் சொன்னேனே, திடுக்கிட்டு எழுந்து நிற்கிற வாட்ச்மேன், அவர்தான் இவர். தங்கச்சாமியைக் குறை சொல்லவும் முடியாது. மருந்துக்கு நடுவில் ஆட்களைக் காப்பாற்ற வேண்டியவருக்குக் கண்ணும் காதும் திடமாக இருக்க வேண்டாமா? செல்லக்கனிக்கும் அந்த நியாயம் புரிந்துதான் இருந்தது. ஆனால் லேபிள் ஒட்டுகிற வேலைக்கு வந்து, படிப்படியாக மேலே ஏறி, அங்கே முதல் பெண் சூப்பர்வைசர் ஆனவள் அவள். காலையில் வேனில் வந்து இறங்குகிற பெண்கள் சாயங்காலம் சிரித்துக்கொண்டே வேன் ஏறிப் போவதைப் பார்த்தால்தான் அவளுக்குச் சோறு இறங்கும். அந்தப் பொறுப்பை இன்னொருத்தர் கையில் கொடுத்துவிட்டுக் கேட்டில் உட்கார அவளால் முடியாது.

இப்படி இருக்கும்போதுதான் இரண்டாயிரத்து எட்டாம் வருஷத்துத் தீபாவளி சீசன் ஆரம்பித்தது. பெரியவரின் மகன் மணிகண்டராஜ் அப்போதுதான் பொறுப்புக்கு வந்திருந்தார். ஆர்டர் குவியக் குவிய சூப்பர்வைசர்கள் தொண்டை கிழியக் கத்துவதும், அந்தக் கத்தலில் பெண்களின் கை நடுங்குவதும் அவர் கண்ணில் பட்டது.

"சத்தம் போட்டா கை நடுங்கும். கை நடுங்கினா மருந்து சிந்தும். ஆளுகளை நிதானமா வச்சுக்கணும்னா முதல்ல நாம நிதானமா இருக்கணும்" என்று சொல்லி, சூப்பர்வைசர், போர்மேன் எல்லோருக்கும் ஒரு மனப் பயிற்சிக்கு ஏற்பாடு செய்தார். சாத்தூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. அவர் மனசில் முதல் பெயர் யாருடையது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

பயிற்சி கொடுக்க வந்தவள் ஹாதியா. விருதுநகரில் மல்லி, மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கிற செய்யது அபுதாஹிரின் மகள். மதுரையில் மனநலப் படிப்பு படித்தவள். நல்ல பெண். யாருக்கும் எதுவும் தடையாக இருந்துவிடக் கூடாது என்று யோசித்து யோசித்து வந்திருந்தாள். முட்டி வலிக்கிறவர்களுக்கு நாற்காலி போட்டிருந்தாள். எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் கூசக் கூடாதென்று பேப்பர் பேனாவே எடுக்கவில்லை. "இதுல மந்திரம், சாமி எதுவும் கிடையாது. யாரும் எந்தச் சங்கடமும் இல்லாம செய்யலாம். மூச்சைக் கவனிக்கிறதுதான் வேலை. நடுவுல ஏதாவது நினைப்பு வந்தா விரட்டாதீங்க. வரட்டும், வந்திருக்குன்னு பாருங்க, அம்புட்டுத்தான்" என்று அழகாகச் சொன்னாள். முன் வரிசையில் உட்கார்ந்து அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்த செல்லக்கனிக்கு ஒரு சொல் தவறாமல் புரிந்தது. நன்றாகத்தான் இருக்கிறது என்று நினைத்தாள்.

"இப்ப எல்லாரும் கண்ணை மூடிக்கோங்க. நான் மணி அடிச்சதும் மெதுவாத் திறங்க."

ஆத்தாடி!

கண்ணை மூடினால் செல்லக்கனிக்கு உலகமே மூடிவிடும். மணியாவது, சத்தமாவது! சரி, நடுநடுவே அரைக்கண்ணால் பார்த்துக்கொள்ளலாம் என்று துணிந்து மூடினாள். கொஞ்ச நேரம் கழித்து இமையை லேசாக விலக்கினாள். பக்கத்தில் ஒச்சப்பன் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருந்தார். மறுபடி மூடிக்கொண்டாள். இரண்டாம் தடவை விலக்கியபோது ஹாதியா நேராக இவளையே பார்த்து, 'திருட்டுத்தனமா?' என்பதுபோல் புன்னகைத்தாள். பள்ளிக்கூடத்தில் மாட்டிக்கொண்ட பிள்ளை மாதிரி வெட்கமாகிவிட்டது அவளுக்கு. அதற்கப்புறம் இறுக மூடியவள்தான்.

அந்த இருட்டில் ஒரு நினைப்பு வந்தது. ராக்காயி வந்தாள். திரி வைக்கிற ரூமில் எப்போதும் வாசல் பக்கமாக உட்கார்ந்திருக்கிற ராக்காயி. ரூமுக்குள் புகை வருகிறது. அவள் "அக்கா, அக்கா" என்று கத்துகிறாள். வெளியே செல்லக்கனி முதுகைக் காட்டிக்கொண்டு வேப்பமரத்தைப் பார்த்தபடி நின்றுகொண்டிருக்கிறாள். இத்தனை வருஷமும் இந்த நினைப்பு தலையை நீட்டும்போதெல்லாம் ஏதாவது ஒரு வேலையைப் போட்டு அமுக்கி வைத்திருந்தாள். இன்றைக்கு விரட்ட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்களே! வந்து உட்கார்ந்துகொண்டது, போகவில்லை. மூடிய கண்ணிலிருந்து கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது.

தோளில் யாரோ தொட்டார்கள். கண்ணைத் திறந்தால், எல்லோரும் டீயே குடித்து முடித்துவிட்டார்கள். அவளைச் சுற்றி அரை வட்டமாக நின்றுகொண்டிருந்தார்கள். ஒச்சப்பன் நிஜமாகவே கையெடுத்துக் கும்பிட்டார்.

"மதினி, எந்த லோகத்துக்குப் போய்ட்டு வாரீக? மணி அடிச்சு எம்புட்டு நேரமாச்சு!"

மணிகண்டராஜுக்குப் புல்லரித்துப் போயிருந்தது. மண்டபத்திலேயே சத்தம் அதிகம் போடுகிறவள் ஆனந்தக் கண்ணீரோடு அசையாமல் உட்கார்ந்திருந்தால் அவர்தான் என்ன செய்வார்? "அக்கா, நாளைக்கு இல்ல, அடுத்த திங்கக்கிழமை காலைல நம்ம ஆளுக எல்லாருக்கும் நீங்கதான் இதைச் சொல்லித் தரணும்" என்றார். செல்லக்கனி வழக்கம்போலத் தலையை ஆட்டினாள். ஆட்டிய பிறகுதான் எதற்கு ஆட்டினோம் என்று உறைத்தது.

மறுநாளே அவள் பெரிய ஞானி ஆகிவிட்டாள். ஒச்சப்பன் அவளுக்குச் சாமியாரம்மா என்று பெயர் வைத்தார். ஒருத்தி தன் மாமியாருக்கும் தனக்கும் எப்போது ஒத்துப்போகும் என்று குறி கேட்டாள். ஆபீஸ் வேன் ஓட்டுகிற செல்லக்கனியின் புருஷன் பெத்தணன், "ரசத்துக்கு உப்புப் போட மறக்குறவளுக்கு ஞானம் வந்துருச்சாம்லே" என்று வேனில் சிரித்துச் சிரித்து மாய்ந்தான். செல்லக்கனிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ராக்காயி கத்துகிற அந்த நினைப்பு அவளோடேயே வீட்டுக்கு வந்து, அவளோடேயே வேலைக்கும் வந்துகொண்டிருந்தது.

இதற்கு நடுவில் ஏழாயிரம்பண்ணைக்குப் புதுசாக வாக்கப்பட்டு வந்த சொர்ணலட்சுமி வேலைக்குச் சேர்ந்திருந்தாள். அந்தப் பெண் ஒரு மாதிரி. எதைக் கேட்க வந்தாலும் செல்லக்கனியின் மூஞ்சிக்கு நேரே வந்து நின்று, வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகப் பேசும். 'என்ன வளர்ப்போ! பெரியவங்ககிட்ட இப்படியா வாயைப் பிளந்துக்கிட்டுப் பேசுவாக' என்று செல்லக்கனி மனசுக்குள் திட்டிக்கொண்டாள்.

சனிக்கிழமை ஹாதியா ஆபீசுக்கு வந்தாள், திங்கட்கிழமைக்கு உதவி செய்வதற்காக. மதியச் சாப்பாட்டு நேரம். கொட்டகையில் ராக்காயியும் இன்னும் சில பெண்களும் தூக்குவாளியைத் திறந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். செல்லக்கனி ஹாதியாவைக் கொட்டகையின் மறுமுனைக்குக் கூட்டிப்போய் உட்கார வைத்தாள்.

"சாப்பிட்டீகளா தாயி?"

"ஆச்சுக்கா. நீங்க அன்னைக்கு அழுதீங்களே, அதுதான் எனக்கு மனசுக்குள்ள உறுத்திக்கிட்டே இருக்கு. அது சந்தோஷத்துல வந்த அழுகை இல்லைன்னு தோணுச்சு. ஏதாவது சொல்லணும்னா சொல்லுங்க. வேண்டாம்னா விட்டுடலாம்."

இத்தனை வருஷத்தில் யாரும் அவளை இப்படிக் கேட்டதில்லை. செல்லக்கனி சுற்றுமுற்றும் பார்த்தாள். குனிந்து, மிகவும் ரகசியமாக, ஹாதியாவின் காதோரத்தில் சொன்னாள்.

"எனக்குக் காது கேக்காது தாயி. மணி அடிச்சதே தெரியாது!"

ரகசியம் என்றா சொன்னேன்? அவள் ரகசியம் கேட்டு வாட்ச்மேன் காமராஜே திரும்பிப் பார்த்திருப்பார். ஹாதியா பதறிப்போய் அந்தப் பக்கம் பார்த்தாள். ராக்காயியும் மற்றவர்களும் குனிந்த தலை நிமிராமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். 'நல்லவேளை, யாருக்கும் விழலை' என்று செல்லக்கனி பெருமூச்சு விட்டாள்.

ஹாதியாவின் முகம் சுருங்கிவிட்டது. "எல்லாருக்குமான பயிற்சின்னு சொல்லிக்கிட்டு வந்தேனேக்கா. நாற்காலி யோசிச்சேன், சாமி யோசிச்சேன். ஒருத்தருக்கு மணி கேக்காமப் போகலாம்னு எனக்குத் தோணவே இல்லையே."

"நீங்க என்ன செய்வீக? நான் கோட்டை கட்டி ஒளிச்சு வச்சிருக்கேன். உங்க மேல தப்பில்லை." சொல்லிவிட்டு ராக்காயி கத்துகிற அந்த நினைப்பையும் சொன்னாள். "சொன்னா என்னையக் கேட்டுல உக்கார வச்சிருவாக. சொல்லலைன்னா, என்னைக்காவது ஒரு நாள்... எனக்குப் பயமா இருக்கு தாயி."

ஹாதியா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவள் எதிரிலேயே உட்கார்ந்து, அவள் பார்க்கும்படியாகப் பேசினாள். "கண்ணை மூடாம, மணி இல்லாம இதைச் செய்யலாம்கா. இங்க எல்லாரும் தினமும் நிக்கிற இடம் ஏதாவது இருக்கா?"

"நிக்கிறதா? இங்க யாரு நிக்கா! ரூம் வாசல்ல தகட்டைத் தொடுவாளுக, ஓடுவாளுக."

பட்டாசு ஆபீசில் ஒவ்வொரு ரூம் வாசலிலும் ஒரு செம்புத் தகடு பதித்திருக்கும். செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு அதைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். உடம்பிலும் சேலையிலும் சேர்ந்திருக்கிற மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். இல்லையென்றால் ஒரு பொறி போதும். புதிதாகச் சேருகிற யாருக்கும் வேனிலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் அது. ஆனால் சீசனில் அதைத் தொடுகிற லட்சணத்தைப் பார்க்க வேண்டுமே! கோயில் உண்டியலைத் தாண்டுகிற கஞ்சன்கூட அவ்வளவு வேகமாகப் போகமாட்டான்.

"அங்கேயே வச்சுக்கலாம்கா" என்றாள் ஹாதியா. செல்லக்கனிக்கும் முகம் மலர்ந்தது. இரண்டு பேரும் எழுந்துபோய்க் காலி ரூம் வாசலில் நின்று, ஒருத்தி மாற்றி ஒருத்தி தகட்டில் கை வைத்துப் பார்த்தார்கள்.

திங்கட்கிழமை காலை வேன்கள் வந்தன. வேலை தொடங்கும் முன் எல்லோரும் வேப்பமரத்தடியில் கூடினார்கள். மணிகண்டராஜ், ஒச்சப்பன், ஹாதியா எல்லோரும் இருந்தார்கள். சாமியாரம்மா என்ன செய்யப்போகிறாள் என்று பார்க்கக் காமராஜும் கேட்டை விட்டு வந்துவிட்டார்.

செல்லக்கனி ரூம் வாசலுக்குப் போனாள். செருப்பைக் கழற்றினாள். தகட்டின்மேல் உள்ளங்கையை முழுசாக வைத்தாள்.

"இந்தா பாருங்கடி. கண்ணை மூட வேண்டாம். கையில தகடு சில்லுன்னு இருக்கா? பாருங்க. காலுக்கு அடியில தரை இருக்கா? அதையும் பாருங்க. மூச்சு ஒண்ணு உள்ள போகட்டும், வெளிய வரட்டும். வீட்டுல சண்டை போட்டுட்டு வந்திருந்தா, சண்டை போட்டோம்னு ஒரு நினைப்பு நினைச்சுக்கோங்க. அப்பறம் உள்ள போங்க. அம்புட்டுத்தான்."

பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கையை வைத்தார்கள். ஓட்டமும் இல்லை, தள்ளலும் இல்லை. மணிகண்டராஜ் சந்தோஷமாகத் தலையை ஆட்டினார். அதோடு விட்டிருந்தால் அவள் ஞானியாகவே காலத்தை ஓட்டியிருக்கலாம். ஆனால் தகட்டின்மேல் கையை வைத்தபோது அவளுக்கும் ஒரு நினைப்பு வந்ததே. வந்திருக்கிறது என்று பார்த்தாள். பார்த்துவிட்டுத் திரும்பி நின்றாள்.

"சின்ன முதலாளி, எல்லாரும் கேட்டுக்கோங்க. அன்னைக்கு நான் ஒரு லோகத்துக்கும் போகலை. எனக்கு மணி கேக்கலை. மணி மட்டுமில்லை, யாரு கூப்பிட்டாலும் கேக்காது. அந்த வெடி வெடிச்சதுல இருந்தே இப்படித்தான். வேலை போயிரும்னு பயந்து ஒளிச்சேன். ஒரு ஆத்திர அவசரத்துக்கு யாராவது கத்தி, எனக்குக் கேக்காமப் போனா அந்தப் பாவத்தை நான் எங்க கொண்டுபோய்க் கொட்டுவேன்? அதான் சொல்லிட்டேன். கேட்டுல உக்காரச் சொன்னாலும் உக்காருதேன்."

யாராவது ஏதாவது சொன்னார்களா, சும்மா நிற்கிறார்களா என்று அவளுக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். மணிகண்டராஜின் முகம் வாடிப்போயிருந்தது. அவர் அருகில் வந்து, அவள் பார்க்கும்படி மெதுவாகச் சொன்னார். "அக்கா, எனக்கு மனசு வரலை. ஆனா காது கேக்காத ஆளை எப்படிக்கா ரூம்களுக்குப் பொறுப்பா வைக்கிறது? நாளைக்கு ஒண்ணுன்னா?"

அவர் கேட்டதில் தப்பில்லை. செல்லக்கனி தலையைக் குனிந்துகொண்டாள். அதனால் ராக்காயி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்ததை அவள் பார்க்கவில்லை. ராக்காயி வந்து அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். தன் முகத்தைப் பார்க்க வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"எக்கா, நீங்க சொல்லித்தான் எங்களுக்குத் தெரியணுமாக்கும்?"

செல்லக்கனிக்குப் புரியவில்லை. சரியாகப் படிக்கவில்லையோ என்று ராக்காயியின் உதட்டையே பார்த்தாள்.

"இத்தனை வருஷத்துல உங்களை யாராவது பின்னால இருந்து கூப்பிட்டிருக்கோமா? நல்லா நினைச்சுப் பாருங்க. நான் எதுக்கு வெயில் அடிக்கிற வாசல்ல உக்காந்து வேலை பாக்கேன், வேண்டுதலா? நீங்க எங்கன நிக்கீகன்னு எங்கள்ல ஒருத்தி பாத்துக்கிட்டே இருப்போம். ஒண்ணுன்னா ஓடிவந்து உங்க கையைப் பிடிக்க." அவள் மணிகண்டராஜ் பக்கம் திரும்பி, திரும்பியது தப்பென்று உணர்ந்து, மறுபடி செல்லக்கனியின் முகத்துக்கே வந்தாள். "ஏ சொர்ணம், இங்கன வா. வேன்ல முத நாள் உனக்கு என்ன சொல்லிக் குடுத்தோம்? சொல்லு சின்ன முதலாளிகிட்ட."

சொர்ணலட்சுமி வந்தாள். சின்ன முதலாளியிடம் சொல்லச் சொன்னதை, செல்லக்கனிக்கு நேரே நின்று, வழக்கம்போல வாயை அகலமாகத் திறந்து, ஒவ்வொரு சொல்லாகச் சொன்னாள்.

"செருப்பைக் கழட்டணும். தகட்டைத் தொடணும். அக்கா முகத்துக்கு முன்னால நின்னுதான் பேசணும்."

ஒச்சப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "போனை எங்கிட்டக் குடுக்கும்போதே நானும் தெரிஞ்சுதான் வாங்கிக்கிட்டேன் மதினி. அன்னைக்குக் கும்பிட்டதும் சின்ன முதலாளிக்குத் தெரிஞ்சிறக் கூடாதுன்னுதான்" என்றார். அவருக்கும் தெரிந்திருக்கிறது! கேட்காத ஒருத்திக்காக அந்த ஆபீசே இத்தனை வருஷமாகக் கவனமாக இருந்திருக்கிறது. தான்தான் கெட்டிக்காரி என்று அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்பாகிட்ட நான் பேசுதேன்" என்றார் மணிகண்டராஜ் கடைசியில். எப்போதும் டவுன் தமிழ் பேசுகிறவருக்கும் அன்றைக்கு ஊர்ப் பேச்சு வந்துவிட்டது. "மதுரைக்குப் போய் முதல்ல காதைக் காட்டணும். ராக்காயி அக்காவும் இனி உங்ககூடச் சூப்பர்வைசர். ரெண்டு பேரும் சேந்துதான் சுத்தி வரணும். ஒவ்வொரு ரூமுலயும் ஒரு சிவப்புத் துணி தொங்கட்டும். ஒண்ணுன்னா கத்துறதோட துணியையும் வெளிய எறியட்டும். இதுக்கு மேல அப்பா என்ன சொல்லுவாருன்னு பாப்போம்." தங்கச்சாமி இரண்டு நாள் முணுமுணுத்தார். பிறகு துணி வாங்க அவரே ஆள் அனுப்பினார்.

ஆனால் அதெல்லாம் பின்னால் நடந்தது. அந்தத் திங்கட்கிழமை காலையில் எல்லாப் பெண்களும் செல்லக்கனியின் முகத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டு ஒரே நேரத்தில் பேசினார்கள். அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் கண்ணை மூடினால் அவர்கள் பேசுவது தெரியாமல் போய்விடுமே. அதனால் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே அழுதாள்.